வீட்டுப்பாடம் வீட்டுக்கு வந்த கதை

மாற்றுத்திறன் மாணவர்களின் வீட்டுப்பாடம் நெடுங்காலம் விடுதியிலேயே முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் ஸ்வெயின்சன் அம்மையார் காதுகேளாதோருக்கு ஒரு பள்ளி அமைத்தார். அன்றைய மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில் கிடந்த போடிநாயக்கனூரின் பிள்ளை இப்படியொரு பள்ளியில் படிக்க வேண்டுமானால் ஊரை விட்டே போக வேண்டும். போய்விட்டால் மாலைப் படிப்புக்கு விடுதியில் துணை இருந்தது.

1974-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியிலேயே மற்றவர்களோடு படிக்க வழி பிறந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் மாலைப் படிப்பின் பாரம் பெற்றோர் தலையில் இறங்கியது.

பிரெய்ல் எழுத்தைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். தடித்த தாளைச் சட்டத்தில் பொருத்தி, வலமிருந்து இடமாக ஊசியால் குத்த வேண்டும். தாளைத் திருப்பிய பிறகே புள்ளிகள் மேடாக விரலில் தட்டுப்படும், வரியும் இடமிருந்து வலமாக ஓடும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951-லேயே வந்துவிட்டது. இருந்தும் அதில் எழுதிய வீட்டுப்பாடத்தைத் தாயாலும் படிக்க முடியாது, பெரும்பாலும் வகுப்பாசிரியராலும் திருத்த முடியாது.

போடிநாயக்கனூரில் இன்னொரு தடையும் உண்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போவோர் விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போய் மாலையில்தான் திரும்புகிறார்கள். அசந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டும் அதே நேரத்தில்தான் பிள்ளையும் நோட்டை விரிக்கிறது.

2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் வட்டார வள மையங்கள் வழியே சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கடும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைத் தந்தது. பத்துக் கணக்குக்கு நான்கு போதும் என்று குறைப்பது, எழுத முடியாத விடையை வாயால் சொல்லவிட்டுக் கைபேசியில் பதிவது, பென்சிலில் துணி சுற்றிப் பருமனாக்குவது என வீட்டுப்பாடத்துக்குக் கைகொடுக்கும் வழிகள் எளியவை, செலவும் அதிகமில்லை.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. வீட்டுப்பாடத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. அதில் சலுகை தருவது இன்றும் பெரும்பாலும் வகுப்பாசிரியரின் மனதைப் பொறுத்தே இருக்கிறது.