வானொலி அலையில் ஒரு வழிகாட்டி

யான் மாணவனாக இருந்த நாளில், பள்ளி ஆய்வுக்கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் கடைசி வரிசையிலேயே நிற்க நேரும். கருவியைத் தொடும் முறை எங்களுக்கு வருமுன் மணி அடித்துவிடும். அக்குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது. ஆதலின், தம் கையாலேயே வானொலி அமைத்துக் கற்ற கறுப்பினப் பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுத விழைகின்றேன்.

ரூஃபஸ் டர்னர் 1907-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பிறந்தார். இளமையிலேயே படிக வானொலி அவரை ஈர்த்தது. அதற்கு மின்கலம் வேண்டா. வான்கம்பி, கம்பிச்சுருள், கலீனா என்னும் ஈயத்தாது, அதனைத் தொடும் மெல்லிய கம்பிமுனை, செவியில் பொருத்தும் கருவி ஆகியன போதும். வரும் அலையின் ஆற்றலே ஒலியை எழுப்பும். ஏழைச் சிறுவனுக்கும் எட்டிய விஞ்ஞானம் அது!

1920-களில் வாஷிங்டன் நகரில், கறுப்பின மக்களின் தூய அகுஸ்தீனார் ஆலயத்தில், 'டபிள்யூ 3 எல் எஃப்' என்ற அழைப்புக்குறியுடன் அவர் வானொலி நிலையம் இயக்கினார். அமெரிக்கக் கறுப்பினத்தாருள் முதல் வானொலி இயக்குநர் என்று அவர் போற்றப்படுகின்றார். அந்நகர அரசுப் பள்ளிகள் 1954 வரை நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தன. மார்ஸ் குறியீட்டில் புள்ளியும் கோடும் செல்லுமேயன்றி, அனுப்புவோனின் நிறம் செல்வதில்லை. ஆயினும், அலைக்கு நிறமில்லை என்பதால் நிலத்து வேலிகள் தாமே வீழ்ந்துவிடவில்லை.

டர்னர் பொறியாளராக உயர்ந்தார். தாம் கற்றதைப் பிறர்க்கும் எழுதினார். பெல் ஆய்வுக்கூடம் டிரான்சிஸ்டரை உலகிற்கு அறிவித்தது 1948-இல். மறு ஆண்டே, ஜெர்மேனியம் டையோடுகளைக் கொண்டு வீட்டிலேயே அதனை அமைக்கும் முறையை இதழொன்றில் விளக்கினார். அவர் இயற்றிய நூல்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. ஐம்பது வயதை ஒட்டிக் கல்லூரிப் பட்டம் பெற்றார். பின்னர் ஆங்கில இலக்கியத்தில் முனைவராகிப் பேராசிரியராகவும் விளங்கி, 1982-இல் மறைந்தார்.

இடையில் படிப்பை விட்ட நம் இளைஞர்கள், காலம் கடந்துவிட்டது எனக் கலங்க வேண்டா. கணக்கும் அறிவியலும் நமக்கு எட்டா எனக் கூறுவோர்க்கு இவ்வாழ்வே விடை. நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு: மாலை வகுப்பில் ஒரு மேசை, சில கம்பிச்சுருள்கள், ஒரு பற்றாசுக்கோல் வையுங்கள். முதல் முறை கடைசி வரிசைப் பிள்ளைக்கே கிடைக்கட்டும்.