கண்களைப் பற்றிப் பேசப்போய்

இரவுச் சாப்பாடு முடிந்து, என்ன படம் பார்ப்பது என்று வீட்டில் வழக்கு எழும்போது யாராவது ஒருவர் போனை எடுத்து, "ஐஎம்டிபியில 7.8 போட்டிருக்கு, பாக்கலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார். 5.4 என்றால் மேல்முறையீடு கிடையாது. மஞ்சள் பெட்டிக்குள் கறுப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம், ஒரு தசம எண். ஹாலிவுட்டில் எங்கோ ஏசி அறையில் சினிமா பண்டிதர்கள் கூடி உட்கார்ந்து போடும் மார்க் என்றுதான் பலருக்கு நினைப்பு. அந்த எண்ணுக்கும் ஹாலிவுட்டுக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்த சிலர், நடிகைகளின் கண்களைப் பற்றிப் பேசப்போய் உண்டானது அது.

மான்செஸ்டரை ஒட்டிய டென்டன் என்ற ஊரில் 1967-இல் பிறந்தவர் கால் நீதம். அவர் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் இங்கிலாந்தில் வீடுகளுக்குள் வீடியோ டெக் நுழைந்தது. அதற்கு முன்னால் ஒரு படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் தியேட்டர்காரரோ டிவிக்காரரோ மனது வைக்க வேண்டும். ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' பட கேசட் இரண்டு வாரத்துக்குக் கைக்குக் கிடைத்தது. 14 நாளில் 14 முறை பார்த்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரே படத்தை 14 முறை பார்த்தவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மதுரையில் சொன்னால் "இதெல்லாம் ஒரு கணக்கா?" என்பார்கள். ஆனால் நம்மவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது நாயகனை. இந்தப் பையனின் கண் டைட்டில் கார்டுக்குப் போனது. இதை எடுத்தது யார், இசை யார், இந்த ஆளை வேறு எதிலோ பார்த்தோமே, எதில்?

பார்த்த படங்கள் பெருகப் பெருக, எதைப் பார்த்தோம் எதைப் பார்க்கவில்லை என்பதே குழம்பியது. குறித்துவைக்க ஆரம்பித்தார். முதலில் காகிதத்தில், பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில்.

இந்தப் பித்து நமக்குப் புதிதில்லை. பிலிம் நியூஸ் ஆனந்தன் என்றொரு மனிதர் நம்மிடையே இருந்தார். 1931-இல் தொடங்கி எந்தத் தமிழ்ப்படம் எப்போது வந்தது, யார் எடுத்தது, யார் நடித்தது என்று கையால் எழுதி எழுதியே சேர்த்தார். 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளராக வேலை பார்த்து, தமிழ் சினிமாவில் அந்தத் தொழிலுக்கே முன்னோடி ஆனவர். படம் எடுத்த கம்பெனிகளிடமே இல்லாத விவரம் அவருடைய வீட்டு அலமாரியில் இருந்தது. கடைசியில் தமிழக அரசே அந்தச் சேகரிப்பை வாங்கிக்கொண்டது. ஆனந்தன் தனி ஆளாகச் செய்ததை நீதமும் தனி ஆளாகவே செய்துகொண்டு போயிருப்பார். அவருக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கூட்டாளிகள் கிடைத்த இடத்தின் பெயர் யூஸ்நெட். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் 1979-இல் யோசித்துச் செய்தது. ஒரு ஊர் கம்ப்யூட்டர் இன்னொரு ஊர் கம்ப்யூட்டருக்கு ராத்திரியில் போன் போட்டு, சேர்ந்திருக்கும் கடிதங்களை மாற்றிக்கொள்ளும். பகலில் போன் கட்டணம் அதிகம் என்பதால் ராத்திரி. இந்த வலையில் தலைப்புவாரியாகக் குழுக்கள் இருந்தன. சினிமாவுக்கு இருந்ததன் பெயர் ரெக்.ஆர்ட்ஸ்.மூவீஸ். உள்ளே வருகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினீயர்கள். அன்றைக்கு அந்த வசதி அவர்களிடம்தான் இருந்தது. லீட்ஸில் படித்து முடித்து, பிரிஸ்டலில் ஹ்யூலெட் பேக்கர்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நீதமும் அவர்களில் ஒருவர்.

அவர்கள் பேசியது வேறொன்றுமில்லை, நம் டீக்கடைப் பெஞ்சில் பேசுவதுதான். அது பார்த்தாயா, இதை விட்டுவிடாதே, அதற்குப் போய்க் காசைக் கரியாக்காதே. அந்தப் பேச்சின் நடுவே 'அந்தக் கண்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. அழகான கண்கள் உள்ள நடிகைகள் யார் யார்? வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், இளவட்டங்கள். பேச்சு எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும். ஒருவர் ஒரு பெயர் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்து இரண்டு பெயர் சொல்ல, அந்த அம்மா எந்தப் படத்தில் நடித்தார் என்று மூன்றாமவர் கேட்க, பட்டியல் நீண்டது. இவ்வளவு பெரிய பதிவேட்டுக்கு அவ்வளவு கண்ணியமான தொடக்கம் என்று இதைச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நடந்தது அப்படித்தான்.

நடிகைகளுக்கு ஒரு பட்டியல் ஆனதும் நடிகர்களுக்கு ஒன்றை நீதம் தொடங்கினார். இயக்குநர்களுக்கு இன்னொருவர். இதில் ஒரு வேடிக்கை: முதலில் உயிரோடு இருந்து, இன்னும் நடித்துக்கொண்டும் இருப்பவர்களுக்குத்தான் பட்டியலில் இடம். அப்படியானால் ஹம்ஃப்ரி போகார்ட்டை என்ன செய்வது? மர்லின் மன்றோவை? இறந்துபோன நடிகர் நடிகைகளுக்கென்று நீதம் தனியாக ஒரு பட்டியல் ஆரம்பித்தார். கண்ணழகைப் பற்றி யாரும் இப்போது பேசவில்லை. ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்ற வெறி பிடித்துக்கொண்டது. பட்டியல் போடுகிறவர்களுக்கு வரும் வியாதி அது. யார் நடித்தார் என்பதோடு நிற்காமல் என்ன வேடம், வேடத்துக்கு என்ன பெயர் என்பதுவரை ஒருவர் சேகரிக்க ஆரம்பித்தார். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

1990 கடைசிக்குள் ஏறக்குறைய 10,000 படங்களும் டிவி தொடர்களும் சேர்ந்துவிட்டன. எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு நடிகரின் படங்களைத் தெரிந்துகொள்ள ஒன்றைத் திறக்க வேண்டும். அந்தப் படங்களை எடுத்தவர்கள் யார் என்றால் இன்னொன்றைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். 1990 அக்டோபர் 17 அன்று நீதம் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடக்கூடிய சில சின்ன நிரல்களை எழுதிக் குழுவில் போட்டார். பட்டியல்களை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி, இந்த நிரலை ஓடவிட்டு ஒரு பெயரைத் தட்டினால், நான்கு பட்டியல்களையும் அதுவே துழாவி விடையைக் கொண்டுவந்து கொடுக்கும். ஐஎம்டிபியின் பிறந்தநாளாக இன்றும் அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். உலகின் முதல் வலைதளம் செர்ன் ஆய்வகத்தில் ஓடத் தொடங்கியது அதே ஆண்டு டிசம்பரில். ஆக, இணையத்தின் புகழ்பெற்ற தளங்களில் ஒன்று, இணையதளம் என்ற சங்கதியே உலகில் இல்லாதபோது பிறந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் விவரம். யார் நடித்தார், யார் எடுத்தார். படம் நன்றாக இருந்ததா என்பது இனிமேல்தான் வருகிறது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். பெயர்களைப் பட்டியலில் அடுக்கலாம், அபிப்பிராயத்தை எப்படி அடுக்குவது? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்டார்கள். ரசிகர்கள் மின்னஞ்சலில் மார்க் அனுப்பினார்கள். கூட்டிச் சராசரி எடுத்துப் படத்தின் பெயரோடு சேர்த்தார்கள். வேறு வழி அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கூட்டாளி ஒருவன் "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் இழுவை. அப்பாவைக் கூட்டிட்டுப் போகாத, திட்டுவார். ஆனா அந்த ரயில்வே ஸ்டேஷன் சீனுக்காகவே நீ பாக்கணும்டா" என்று சொல்கிறானே, அதில் அவன் இருக்கிறான், நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் அப்பாகூட இருக்கிறார். அதை 7 என்று எழுதியதும் மூன்று பேரும் வெளியே போய்விடுகிறார்கள்.

மார்க் போடுவது யார் என்பதைப் பொறுத்து அதன் எடையும் மாறும். ஆனந்த விகடன் விமர்சனத்தில் '16 வயதினிலே' வாங்கிய 62.5-ஐ இன்றுவரை சாதனையாகப் பேசுகிறார்கள். அதையே பத்துக்கு மாற்றினால் 6.25. இன்றைக்கு அந்த எண்ணைப் பார்க்கிற பையன் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1993-இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழக சர்வரில் இடம் பிடித்து ஐஎம்டிபி வலைதளமானது. 1996-இல் கம்பெனியாகப் பதிவானது. 1998-இல் அமேசான் வாங்கியது. ரசிகர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தது புத்தகம் விற்கிற கம்பெனியின் சொத்தாகிவிட்டது. நீதமே தலைவராகத் தொடர்ந்தார்.

பெரிய கூட்டம் வந்ததும் கள்ள ஓட்டும் வந்தது. தலைசிறந்த 250 படங்களின் பட்டியலைக் காப்பாற்ற அவர்கள் வைத்திருக்கும் கணக்கு கெட்டிக்காரத்தனமானது. ஒரு படத்துக்கு 25,000 ஓட்டு விழுந்து சராசரி 9 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே ஏற்க மாட்டார்கள். எல்லாப் படங்களுக்குமான பொதுச் சராசரி ஏறக்குறைய 7. அந்த 7-ஐப் போட்ட 25,000 கற்பனை ரசிகர்களை ஒவ்வொரு படத்தின் க்யூவிலும் முன்கூட்டியே நிறுத்திவிடுகிறார்கள். நிஜமாக வந்தவர்களின் 9-உம் கற்பனை ஆட்களின் 7-உம் கலந்தால் 8. நிஜ ஆட்கள் 1,75,000 பேர் வந்து அதே 9-ஐப் போட்டால் 8.75. கூட்டம் பெருகப் பெருகத்தான் கற்பனை ரசிகர்களின் குரல் அமுங்கும். தயாரிப்பாளர் தன் சொந்தபந்தம் முழுவதையும் திரட்டி வந்து பத்து பத்தாகக் குத்தினாலும் பருப்பு வேகாது. அதற்கு மேல், தொடர்ந்து ஓட்டுப் போடும் பழக்கமுள்ளவர்களின் ஓட்டுதான் அந்தப் பட்டியலுக்குச் செல்லும். அவர்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்பதைக் கம்பெனி வெளியே சொல்வதில்லை.

இத்தனை பூட்டும் 2008-இல் திணறியது. பல காலமாக முதல் இடத்தில் இருந்தது 'தி காட்ஃபாதர்'. ஜூலையில் பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' வந்தது. பேட்மேன் ரசிகர்கள் தங்கள் படத்துக்குப் பத்து போட்டதோடு நிற்காமல் காட்ஃபாதருக்கு ஒன்று போட்டார்கள். காட்ஃபாதர் கட்சி சும்மா இருக்குமா? பேட்மேனுக்கு ஒன்று போட்டது. எம்ஜிஆர், சிவாஜி காலத்துப் போஸ்டர் கிழிப்பைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. பேட்மேன் கொஞ்ச நாள் உச்சியில் இருந்தார். அமளி அடங்கியபோது, இந்தச் சண்டையில் தலையிடாமல் இரண்டாம் இடத்தை ஒட்டியே நின்றிருந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' முதல் இடத்துக்கு வந்திருந்தது. பிறகு இறங்கவே இல்லை.

1994-இல் வந்தபோது தியேட்டரில் ஓடாத படம் அது. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்தவர்களும் கேபிள் டிவியில் நடுவிலிருந்து பார்த்தவர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் அது எழுந்தது. நம்மிடம் அதற்கு நேரான உதாரணம் 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்து நஷ்டம் கொடுத்தது. பிறகு டிவியில் பார்த்தவர்கள், தியேட்டருக்குப் போகாத குற்ற உணர்ச்சியோ என்னவோ, மார்க்கை அள்ளி வழங்கினார்கள். ஐஎம்டிபியின் இந்தியப் படப் பட்டியலில் பல ஆண்டுகளாக அதற்கு முன்வரிசை நாற்காலி.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' 9.6 வாங்கி ஷாஷாங்கின் 9.3-ஐத் தாண்டியதாகச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் இனிப்பு கொடுக்காத குறை. படம் வெளியானது அமேசான் பிரைமில், மார்க் பட்டியலின் சொந்தக்காரரும் அமேசான் என்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதனால் மார்க் கூடியது என்று நான் சொல்லவரவில்லை. அந்த ஓட்டுக்குப் பின்னால் உண்மையான கோபமும் கண்ணீரும் இருந்தன. ஆனால் கடையும் எடைக்கல்லும் ஒரே முதலாளியிடம் இருக்கிறபோது வாங்குகிறவன் அதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு வளர்ந்த பிறகு அந்தப் பழைய பேச்சு என்னவாயிற்று? ஒவ்வொரு படத்தின் பக்கத்துக்குக் கீழும் ரசிகர்கள் பேசிக்கொள்ள ஓர் இடம் இருந்தது. கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டால், ஆறு வருடம் கழித்துக்கூட இன்னொருவர் வந்து பதில் சொல்வார். வசை, வம்பு, ஜாதிச் சண்டைக்கு நிகரான இனச் சண்டை எல்லாம் அதிலேயே இருந்ததும் உண்மை. பெரும்பான்மையோருக்கு இதனால் பயனில்லை என்று சொல்லி, 2017 பிப்ரவரி 20 அன்று நிர்வாகம் அதை மூடியது. பேசியிருந்த அத்தனையையும் நீக்கியது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சில ரசிகர்கள் முந்திக்கொண்டு அவற்றில் பெரும்பகுதியை நகலெடுத்து வேறிடத்தில் வைத்தார்கள். மார்க் மட்டும் தளத்தில் தங்கியது. பேச்சிலிருந்து பிறந்த பதிவேடு பேச்சையே வெளியே அனுப்பியதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வம்பர்களை விரட்ட வழி தேடியிருக்கலாம், செலவு பார்த்திருப்பார்கள்.

நீதம் 2025 தொடக்கத்தில்தான் தலைமைப் பொறுப்பைக் கைமாற்றினார். பல்லாயிரம் படம் பார்த்த மனிதர். உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' என்கிறார். விமர்சகர்களிடம் ஓட்டெடுக்கும் பிரிட்டிஷ் பத்திரிகையான சைட் அண்ட் சவுண்ட் 2012-இல் அதற்கு உலகின் முதல் இடத்தைக் கொடுத்தது. நீதமின் சொந்தத் தளத்திலோ அது முதல் 50-க்குள் இல்லை.