கொட்டகை, வரிவிலக்கு, நிலம்: கிண்டி முதல் பரனூர் வரை ஒரு பொருளாதாரக் கருத்தின் பயணம்

பாடலாத்ரி நரசிம்மரின் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில், பொருளாதார வரலாறு படிப்போருக்கு இன்னொரு வகையிலும் முக்கியமான ஊர். வடக்கே மறைமலை நகர். தெற்கே பரனூரை ஒட்டி, ஊர்க்காரர்கள் ‘மஹிந்திரா சிட்டி’ என்று சுருக்கிவிட்ட மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. ரயில் பாதையைக் கடந்தால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் மாநில நெடுஞ்சாலை. இவற்றோடு கிண்டித் தொழிற்பேட்டையையும் தாம்பரம் ‘மெப்ஸ்’ ஏற்றுமதி மண்டலத்தையும் சேர்த்துக்கொண்டால், ஜி.எஸ்.டி. சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் அரை நூற்றாண்டுக்கால தொழிற்கொள்கை முழுவதும் வரிசையாகக் கிடைக்கிறது. (வரிக்கு முன்பே இந்தப் பெயரைச் சுமந்த சாலை இது.)

தொழிலுக்கென ஓரிடத்தைத் தனியே ஒதுக்குவது என்ற கருத்து இப்பகுதியில் படிப்படியாக முதிர்ந்து வளர்ந்ததாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. நான் அப்படிக் கருதவில்லை. அது மூன்று முறை வெளியிலிருந்து கடன் வாங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அரசு தொழிலுக்குக் கொடுத்த கொடை மாறியது. முதலில் கொட்டகை, பிறகு வரிவிலக்கு, கடைசியில் நிலம்.

முதற்கடன் இங்கிலாந்திலிருந்து வந்தது. மான்செஸ்டருக்கு அருகே டிராஃபோர்டு பார்க் என்ற தொழிற்பேட்டை 1896-ல் உருவானது. அதற்கு ஆறாண்டு முன்பு, 1890-ல், ஆல்ஃபிரட் மார்ஷல் தம் ‘பொருளாதாரக் கோட்பாடுகள்’ நூலில், ஒரே தொழில் செய்வோர் அருகருகே கூடும்போது திறமையும் தகவலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்வதை விளக்கியிருந்தார். விடுதலைக்குப் பின் இந்தியாவில் இக்கருத்துக்கு உயிர் கொடுத்தது 1953-54-ல் வந்த ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு. சிறுதொழில்களுக்குப் பயிற்சி, கடன், சந்தை வசதி ஆகியவற்றை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. 1955-ல் தொழிற்பேட்டைத் திட்டம் தொடங்கியது. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. அப்போது முதலமைச்சர் காமராஜர், தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன்.

கிண்டி என்ன கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டிமுடித்த ஷெட், மின் இணைப்பு, தண்ணீர், பக்கத்திலேயே அச்சு வார்ப்பவர், கடைசல் பிடிப்பவர். முதலாளி லேத் மெஷினோடு வந்தால் போதும். வரிவிலக்கு கிடையாது, சுற்றுச்சுவரும் கிடையாது. சிறுதொழில் வளர்ச்சி நிர்வாகத்தில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி பி.சி. அலெக்சாண்டர், 1963-ல் இந்தியத் தொழிற்பேட்டைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பின்னாளில் இந்திரா காந்தியின் முதன்மைச் செயலராகவும் தமிழக ஆளுநராகவும் இருந்தவர் இவரே. ஒரு தொழிற்கொள்கையை அதை நடத்திய அதிகாரியே புத்தகமாக எழுதிய காலம் அது. பின்வந்த இரு கட்டங்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. ஏற்றுமதி மண்டலங்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஐ.நா. அமைப்புகளின் ஆலோசகர்களும் பல்கலைக்கழகத்தாரும் எழுதியவை.

இரண்டாம் கடனின் ஊற்று அயர்லாந்து. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய ஷானன் விமான நிலையத்துக்கு, நீண்ட தூரம் நிற்காமல் பறக்கும் ஜெட் விமானங்களால் ஆபத்து வந்தது. ஊரைக் காப்பாற்ற பிரெண்டன் ஓ’ரீகன் கண்ட வழி, 1959-ல் விமான நிலையத்தை ஒட்டி அமைத்த வரியற்ற தொழில் மண்டலம். பொருளை இறக்குமதி செய்து, வேலை செய்து, அப்படியே ஏற்றுமதி செய்யலாம். சுங்க வரி இல்லை. இந்தியா 1965-ல் குஜராத்தின் காண்ட்லாவில் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலத்தைத் திறந்தது. தைவானின் காவ்சியுங் மறு ஆண்டுதான் வந்தது, ஆனால் முந்திக்கொண்டது. கராச்சி பாகிஸ்தானுக்குப் போன பின் மேற்குக் கரையில் காண்ட்லாத் துறைமுகத்தை வளர்ப்பதே இங்கு முதல் அக்கறை. ஏற்றுமதி அதன் பின்னால் வந்தது. அனுமதி நடைமுறைகள் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகவே இருந்தன. மண்டலம் என்ற உறை வந்தது, உள்ளிருக்க வேண்டிய சுதந்திரம் வரவில்லை.

1984-ல் ஃபால்டா, கொச்சி, நொய்டா ஆகியவற்றோடு சென்னைக்கும் ஒரு மண்டலம் கிடைத்தது. அதுதான் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தை ஒட்டிய ‘மெப்ஸ்’. ஏறத்தாழ 260 ஏக்கர். தாம்பரத்தில் இருந்துகொண்டே சுங்கச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாடு. உள்ளே போகும் துணியும் வெளியே வரும் சட்டையும் கேட்டில் சோதனைக்கு நிற்க வேண்டும். கழிவுத்துணியைக் கூட வரி கட்டாமல் வெளியே விற்க முடியாது. கிண்டியில் இல்லாத சுவர் இங்கே வந்துவிட்டது. கிண்டியில் இருந்த அக்கம்பக்க உறவு இங்கே குறைந்தது. உள்ளிருக்கும் கம்பெனி வெளியிலுள்ள சிறு பட்டறைக்கு வேலை கொடுப்பதென்றால் அதற்கும் ஓர் அனுமதி வேண்டும். மார்ஷல் சொன்ன தொற்று சுவரைத் தாண்ட வழியில்லை.

ஃப்ரோபெல், ஹைன்ரிக்ஸ், கிரேயே ஆகிய மூவர் 1977-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ‘புதிய சர்வதேச உழைப்புப் பிரிவினை’ என்ற நூல், இத்தகைய மண்டலங்கள் ஏழை நாடுகளின் மலிவான உழைப்பை, குறிப்பாக இளம்பெண்களின் உழைப்பை, பணக்கார நாட்டுச் சந்தைகளுக்குத் திருப்பிவிடுகின்றன என்று வாதிட்டது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சானடோரியம் நடைமேடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புத்தகச் செய்தியாகத் தோன்றியிருக்காது. ஆனால் நூல் கவனிக்காத ஒன்றும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டக் கிராமத்துப் பெண்ணுக்கு மாதச் சம்பளமும் சொந்த ரயில் சீசன் டிக்கெட்டும் வீட்டிலும் ஊரிலும் அவளுக்கிருந்த இடத்தை மாற்றின. சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்க முடியாது.

மூன்றாம் கடன் சீனாவினுடையது. அதை வாங்கிவந்தவர் ஒரு தமிழர். ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலம் 1980-ல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜியாங் ஜெமின் ஷானனுக்குப் போய்ப் பார்த்துவந்தார். அயர்லாந்தின் யோசனை சீனாவில் உருப்பெருத்து, 2000-ல் மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறனின் கண்ணில் பட்டது. சீன மண்டலங்களைப் பார்த்துத் திரும்பியவர், அவ்வாண்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கையிலேயே சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டத்தை அறிவித்தார். 1974-ல் ‘மாநில சுயாட்சி’ என்ற நூலை எழுதியவர் அவர். நிலமும் மின்சாரமும் தொழிலாளர் நிர்வாகமும் மாநிலங்கள் கையில் இருக்க, வரிச்சலுகையை டெல்லி நிர்ணயிக்கும் ஒரு திட்டத்தை அவரே கொண்டுவந்ததை முரண் என்றும் சொல்லலாம், காலத்தின் கட்டாயம் என்றும் சொல்லலாம். 2001 நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில் வளர்ந்த நாடுகளை எதிர்த்து நின்றவரும் அவர்தான். சந்தையைத் திறப்பதிலும் பேரம் பேசுவதிலும் ஒரே ஆள்.

மண்டலச் சட்டம் 2005-ல் நிறைவேறியது. விதிகள் 2006 பிப்ரவரியில் வந்தன. இங்கேதான் கடன் வாங்கியதில் பெரும் பிழை நேர்ந்தது. ஷென்ஜென் மண்டலத்தின் தொடக்கப் பரப்பு 327.5 சதுர கிலோமீட்டர். ஒரு முழு நகரம், துறைமுகத்தோடு. நம் விதிகளோ தகவல் தொழில்நுட்ப மண்டலத்துக்குப் பத்து ஹெக்டேர் போதும் என்றன. 25 ஏக்கருக்கும் அதே பெயர். விளைவு, கட்டிட வளாகங்களெல்லாம் மண்டலங்களாயின. 2014-ல் மத்திய தணிக்கைத் துறை அளித்த அறிக்கை, அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் செயல்பாடு தொடங்கியது என்று காட்டியது.

இனி பரனூர். மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி சீன மாதிரியின் தமிழ்நாட்டுக் குழந்தை என்று எழுதுவது வழக்கம். ஆண்டுகளைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. மஹிந்திரா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து மஹிந்திரா இண்டஸ்ட்ரியல் பார்க் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தது 1997-ல். மாறன் சீனா போவதற்கு மூன்றாண்டு முன்பு. ஏறத்தாழ 1,500 ஏக்கரில் ஒரு தனியார் தொழிற்பூங்கா என்பதே அப்போதைய எண்ணம். 2002-ல் திறக்கும்போது புதிய கொள்கை தயாராக இருந்தது. தகவல் தொழில்நுட்பம், ஆடை, வாகன உதிரிபாகம் என்ற மூன்று துறைகளுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டது. உள்நாட்டுச் சந்தைக்கென ஒரு பகுதி தனியே நின்றது. 2007 மார்ச்சில் திறந்த பி.எம்.டபிள்யூ. கார் ஆலை அந்த உள்நாட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. நில வளர்ச்சித் தொழில் முதலில் வந்தது, பொருளாதாரக் கருத்து பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பதே என் முடிவு.

மண்டலமே தொழிலைக் கொண்டுவரும் என்ற எண்ணத்துக்கு எதிர்ச்சான்றுபோல் நிற்பது பக்கத்து மறைமலை நகர். 1970-களில் சென்னைக்குத் துணைநகரமாகத் திட்டமிடப்பட்டு, 1980-களில் மனை பிரிக்கப்பட்டும், நெடுங்காலம் ஆள் சேராமல் கிடந்த நகரம். 1995-ல் உருவான மஹிந்திரா ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை 1999-ல் அங்கே திறந்தது. அதே ஆண்டு ‘ஐகான்’ கார் வெளிவந்தது. அது எந்த மண்டலத்துக்குள்ளும் இல்லை. மாநில அரசோடு போட்ட ஒப்பந்தச் சலுகைகள், துறைமுகம், எல்லாவற்றுக்கும் மேலாக, பாடி, அம்பத்தூர் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் இதே சாலையில் வண்டலூர்ப் பக்கம் முன்பு இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் காலத்துத் தொழில்திறனும் அதைக் கொண்டுவந்தன. மார்ஷலின் பழைய பாடம், மாறனின் புதிய திட்டத்தை விட வலுவாக வேலை செய்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் குழு சிறு பட்டறைகளுக்கு வழி சொன்னது 1954-ல். அதே பெயருள்ள கம்பெனி நாற்பத்தைந்து ஆண்டு கழித்து அந்தப் பட்டறைகளின் தோளில் ஏறி நின்றது.

மூன்றாம் கட்டத்தின் கொடை நிலம் என்றேன். 1997-ல் தமிழகம் தொழில் நோக்கங்களுக்கான தனி நில எடுப்புச் சட்டத்தையே இயற்றியது. 2007 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் நந்திகிராமில், மண்டலத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்தவர்கள் மீதான துப்பாக்கிச்சூட்டில் 14 பேர் இறந்தபோது நாடு முழுவதும் மண்டலங்களுக்கு எதிர்ப்பு எழுந்தது. தமிழகம் அந்த அளவுக்குக் கொந்தளிக்கவில்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் மு. விஜயபாஸ்கர் 2010-ல் எழுதிய கட்டுரை இந்த மௌனத்தைத்தான் ஆராய்ந்தது. வேளாண்மையில் மதிப்பும் கூலியும் குறைந்து, விவசாயக் கூலிகளே வயலை விட்டு வெளியேற விரும்பும் நிலையில், நிலம் போவதை எதிர்க்க யார் திரளுவார்கள் என்பது அதன் அடிநாதம். பரனூர், அஞ்சூர், தென்மேல்பாக்கம் பக்கம் பேசிப் பார்ப்பவர்களுக்கு இந்த விளக்கம் பொருந்துவது தெரியும். ஆனாலும் பாதிதான். விற்றவர் மௌனமாக இருந்தார். குத்தகைக்குப் பயிரிட்டவரிடமும் மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிச் சென்றவரிடமும் யாரும் கையெழுத்து கேட்கவே இல்லை.

இந்த எல்லாச் சுவர்களுக்கும் வெளியே, காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துக்கு உட்பட்ட ஊராகச் சிங்கப்பெருமாள் கோவில் இருக்கிறது. உள்ளே தனிப் பராமரிப்பு, அகலச் சாலை, சுத்திகரிப்பு நிலையம். வெளியே, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, ஓர் அறைக்கு நான்கு பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு விட்ட வீடுகள், ஒடிசா, பீகார் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ரொட்டி போடும் மெஸ், விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் வரிசை. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் ஆலையும் அடுத்தடுத்து டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகளும் வந்தபின், கார்களை அடுக்கிய நீண்ட டிரெய்லர்கள் இவ்வூர் ரயில்வே கேட்டில் மின்சார ரயிலுக்காகக் காத்து நின்றன. அங்கே கட்ட வேண்டிய மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆயிரம் கோடிகளில் முதலீட்டு ஒப்பந்தம் போட்டவர்கள் யாரும் அந்த ஒற்றைக் கேட்டைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

கருத்தின் இறங்குமுகம் வேகமாக நடந்தது. 2011 பட்ஜெட் மண்டலங்கள் மீது குறைந்தபட்ச மாற்று வரியை விதித்ததும் கவர்ச்சி பாதி போயிற்று. 2019 அக்டோபர் 31-ல், அமெரிக்கா தொடுத்த வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புக் குழு, மண்டலச் சலுகை உள்ளிட்ட இந்திய ஏற்றுமதி மானியங்கள் விதிகளுக்கு மாறானவை என்றது. தனிநபர் வருமானம் 1,000 டாலரைத் தாண்டிய நாட்டுக்கு ஏற்றுமதி மானியத் தடையிலிருந்து விலக்கு இல்லை என்பது காரணம். இந்தியா மேல்முறையீடு செய்தது, ஆனால் அதைக் கேட்க அமைப்பில் நீதிபதிகள் இல்லாமல் போயினர். புதிய அலகுகளுக்கு வருமான வரி விலக்கு 2020-ல் முடிந்தது. 2022 பட்ஜெட்டில் அறிவித்த மாற்றுச் சட்டம் வரவில்லை. 2023 டிசம்பரில், காலியான தகவல் தொழில்நுட்ப வளாகங்களை மாடி மாடியாக மண்டலத்திலிருந்து விடுவிக்கும் திருத்தம் மட்டும் வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்து, 2022-ல் நிறுத்தியது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாயில் என்ஜின் தயாரிக்க மீண்டும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

மைக்கேல் லெவியன் 2018-ல் வெளியிட்ட நூல், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியின் ஜெய்ப்பூர்க் கிளைக்காக நிலமிழந்த ஒரு ராஜஸ்தான் கிராமத்தில் தங்கி எழுதப்பட்டது. யார் மனைத் தரகராகி வென்றார்கள், யார் கடனில் விழுந்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தது. மூத்தது பரனூர், புத்தகம் கிடைத்தது இளையதற்கு. நில எடுப்பு அறிவிக்கைகள் அரசிதழில் இருக்கின்றன. குத்தகை அடங்கல்களை வட்டாட்சியர் அலுவலகத்தில் தேடலாம். நிலத்தை விட்டுக்கொடுத்த தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியின் பொருளியல், வரலாற்று மாணவர்கள் ரயிலில் சில நிறுத்தங்கள் வந்தால் போதும். அந்தத் தலைமுறையிடம் இப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.