மூக்கில்லாத பூச்சி வாசம் பிடித்த கதை



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, நம் ஸ்ரீரங்கம் பக்கத்து நெல் வயல்களில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பொறியிலே அந்துப்பூச்சி விழுந்தும் குருத்து காயுதே, ஏன் சார்?" பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

19-ம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் ஃபாபர் என்று ஒருவர் இருந்தார். பூச்சிகளைப் பார்ப்பதே அவருக்கு வேலை. ஒரு நாள் பெண் அந்துப்பூச்சி ஒன்றைக் கம்பி வலைக்குள் அடைத்து வைத்தார். அன்றிரவே சுமார் 40 ஆண் பூச்சிகள் இருட்டில் வீடு தேடி வந்துவிட்டன! காற்றுப் புகாத பெட்டியில் பெண்ணை வைத்தபோதோ ஒன்றுகூட வரவில்லை. கண்ணால் பார்த்து வரவில்லை, வாசம் பிடித்தே வந்தன என்பது புரிந்தது.

அது என்ன வாசம்? ஜெர்மனியில் புட்டனாண்ட் என்ற விஞ்ஞானி சுமார் 20 வருஷம் பாடுபட்டார். 5 லட்சம் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் சரக்கை மட்டும் பிரித்தெடுத்து, 1959-ல் உலகுக்குச் சொன்னார்.

பூச்சிக்கு மூக்கு கிடையாது, மீசைதான் மூக்கு. ஆண் பூச்சியின் மீசையில் ஆயிரக்கணக்கான நுண்ணிய முடிகள். முடியிலுள்ள துளை வழியே வாசம் நுழைந்து நரம்பைத் தட்டும். உடனே ஆண் பூச்சி காற்றை எதிர்த்துப் பறந்து பெண்ணைத் தேடும்.

நம் நெல் தண்டுத்துளைப்பானின் வாசச் சரக்கை 1985-ல் கண்டுபிடித்தார்கள். அதில் இரண்டு பொருள்கள், ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற அளவில். வேடிக்கை பாருங்கள்! துவரையையும் பருத்தியையும் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் அந்துக்கும் அதே இரண்டு பொருள்கள்தான். அளவு மட்டும் வேறு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் புளி ஒன்றுதானே, பக்குவம் வேறல்லவா? ஆகவே எந்தப் புழுவுக்கான குப்பி என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். வாசம் விடுவது பெண்; ஓடி வருவது ஆண். பொறியில் விழுவதெல்லாம் ஆண்தான். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் வயலில் முட்டை வைத்துக்கொண்டுதான் இருக்கும். பொறியில் அந்து கூடினால் அது அபாயச் சங்கு! வயலில் இறங்கி இலை நுனியில் முட்டைக் குவியலைத் தேடுங்கள். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி எறியுங்கள். முட்டையும் சேர்ந்து போய்விடும்.

பொறி எண்ணிச் சொல்லும், கைவேலை நம்முடையது.