பின்சுவர் யாருடையது?

சென்ற ஆண்டு என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகி, மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. கீழே பின்கட்டில் ஒரு படுக்கையறையும் அதை ஒட்டி ஒரு குளியலறையும் கட்டுவது என்று முடிவு செய்தோம். மேஸ்திரி வந்து டேப் பிடித்து அளந்தார்.

"பின்சுவர் வரைக்கும் எடுத்துடலாம் சார். குளியலறைக்கு அந்தச் சுவத்துலயே ஒரு வென்டிலேட்டர் உடைச்சுக்கலாம். அப்ரூவலுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு, நீங்க அலைய வேணாம்" என்றார்.

பணியில் இருந்த காலமெல்லாம் ஊரார் மனுக்களைக் கோப்பில் கோத்தவன் நான். என் வீட்டு மனுவை இன்னொருவரிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வரைபடம் போட்டுக் கையெழுத்திட மட்டும் பதிவு பெற்ற இஞ்சினீயர் ஒருவரைப் பிடித்தேன். மற்றதை நானே செய்வது என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த மனுவில் நாம் நிரப்பும் ஒவ்வொரு விவரத்துக்கும் பின்னால் நம் புதுச்சேரியின் ஒரு காலம் இருக்கிறது என்று.

முதலில் தெரு. வீட்டின் முன்பக்கம் எந்தத் தெருவில், அதன் அகலம் எவ்வளவு என்று காட்ட வேண்டும். நம் ஊரின் நேர்த்தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து பழைய தெருக்களின் போக்கிலேயே ஊரை எழுப்பினார்கள்.

தெருக்கோட்டைத் தாண்டி யாரும் கட்டக்கூடாது என்பது பிரான்சில் அதற்கும் முந்தைய விதி. நான்காம் ஹென்றி மன்னர் காலத்தில், 1607-இல், அரச ஆணையாக வந்தது. சாலைகளுக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் சுல்லி. அவருடைய அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் தெருப்பக்கம் சுவர் எழுப்பவோ, தெருவில் எதையும் நீட்டவோ கூடாது. இந்தத் தெருக்கோட்டுக்கு 'அலிஞ்மான்' என்று பெயர். ஆனால் நம் தமிழ்ப் பகுதி வீடுகளுக்கோ முன்னால் தெருவை ஒட்டித் தாழ்வாரம் உண்டு. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க. கோடும் தாழ்வாரமும் இந்த ஊரில் சேர்ந்தே வாழ்ந்தன. வைசியாள் தெருவில் அண்மைக் காலத்தில் தாழ்வாரங்களைப் புதுப்பித்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து நில எண்கள். நம் பத்திரங்களில் ஆர்.எஸ். எண், டி.எஸ். எண் என்பவற்றோடு 'கதாஸ்தர் எண்' என்று ஒன்றும் வரும். பக்கத்துக் கடலூரில் இருப்பவருக்கு இது என்னவென்று புரியாது. பிரெஞ்சு நில அளவைப் பதிவேட்டின் எண் அது. பரப்பளவையும் அங்கே ஏக்கர், சென்ட் என்பார்கள். நம் பதிவேட்டில் ஹெக்டேர், ஆர், சென்ட்டியார். ஒரு சென்ட்டியார் என்றால் ஒரு சதுர மீட்டர். இந்திய அரசு மெட்ரிக் அளவைச் சட்டம் போட்டது 1956-இல். நம் தாத்தாக்கள் அதற்கு முன்பே மீட்டரில் பத்திரம் எழுதிவிட்டார்கள். கொத்தனார் மட்டும் அன்றும் இன்றும் அடிக்கணக்குதான்.

மூன்றாவது, சுற்றிலும் விட வேண்டிய இடம். காற்றும் வெளிச்சமும் பொதுச் சுகாதாரம் என்று பிரான்சில் சட்டமானது 1902-இல். 20,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மேயரின் அனுமதி பெற்றே வீடு கட்ட வேண்டும் என்றார்கள். நாடு முழுவதற்குமான கட்டட அனுமதி, போர்க்காலத்தில், 1943-இல் வந்தது. நமக்கு 1954-இல் ஆட்சி மாறியது. 1962-இல் அது சட்டப்படி உறுதியானது. 1968-இல் இந்தியச் சட்டங்கள் பல ஒருசேர இங்கே நீட்டிக்கப்பட்டன. 1969-ஆம் ஆண்டின் நகர, ஊரமைப்புச் சட்டம் அதன்பின் வந்தது. இன்றைய கட்டட விதிகள் 2012-இல் வந்தவை.

இவ்வளவும் எழுதி முடித்து, பத்திர நகல் எடுப்பதற்காகப் பீரோவைத் திறந்தேன். தாத்தா வாங்கிய பத்திரம் நொத்தேர் முன்னிலையில் பிரெஞ்சில் கையால் எழுதியது. மடிப்பில் கிழிந்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதை முழுவதும் படித்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். நான்கெல்லை சொல்லும் இடத்தில், பின்சுவரைப் பற்றி ஒரே ஒரு சொல் இருந்தது: 'மித்வாயென்'.

பள்ளியில் பிரெஞ்சில் படித்ததன் பயன் அன்று கிடைத்தது. இரு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று பொருள். 1804-இன் பிரெஞ்சு சிவில் சட்டம் 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. பொதுச்சுவரில் மற்றவர் சம்மதம் இல்லாமல் ஜன்னலோ துவாரமோ வைக்கக்கூடாது என்கிறது அதன் 675-ஆம் பிரிவு. சொந்தச் சுவரானாலும், அடுத்தவர் மனையை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு 19 டெசிமீட்டர், அதாவது ஆறடி, இடைவெளி வேண்டும் என்கிறது 678-ஆம் பிரிவு.

அந்தச் சட்டம் இன்று எந்த அளவுக்குச் செல்லும் என்பது வக்கீல் விஷயம். எனக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. அன்று மாலை பின்தெருவுக்குப் போனேன். பின்வீட்டு அம்மா தனியாக இருப்பவர், என்னைவிட மூத்தவர்.

"மேஸ்திரி அளந்தப்பவே பார்த்தேன் தம்பி. என் அடுப்படிக்கு வெளிச்சம் அந்தப் பக்கம்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு ராத்திரி தூங்கல" என்றார். அவருடைய மாமனாரும் என் தாத்தாவும் ஆளுக்குப் பாதிச் செங்கல் வாங்கி எழுப்பிய சுவராம் அது. எனக்குத் தெரியாத குடும்ப வரலாறு.

வரைபடத்தை மாற்றினோம். அறை சுவரிலிருந்து ஏழடி விலகியது. குளியலறை ஜன்னல் முற்றத்துப் பக்கம் திரும்பியது. அறை சிறிதுதான்; கட்டிலும் ஒரு நாற்காலியும் கொள்ளும். மேஸ்திரிக்கு வருத்தம். நான்கு முறை அலைந்து, ஒரு கையெழுத்தும் ஒரு ரசீதும் விட்டுப்போனதைச் சரிசெய்து, அனுமதியும் வாங்கியாயிற்று. என் மனைவி இப்போது படி ஏறுவதில்லை. பின்வீட்டு அடுப்படியில் வெளிச்சம் இருக்கிறது.

மனுவை ஆள் மூலம் போட்டிருந்தால் பத்திரம் ஜெராக்ஸ் ஆகிக் கோப்பில் சேர்ந்திருக்கும். யாரும் படித்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளின் பீரோவில் இப்படிப்பட்ட பத்திரங்கள் கிடக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறோம். சுவரில் கை வைக்கும் முன் ஒருமுறை எடுத்துவாருங்கள். கண் தெரியும் வரை படித்துச் சொல்கிறேன். காசு வேண்டாம், காப்பி போதும்.