கடலோரக் கல்விக் கூடம்

சென்னைக் கடற்கரைச் சாலையிலே செல்வோர், சேப்பாக்கம் அருகே சற்று நின்று பார்ப்பதுண்டு. செந்நிறச் சுவர்கள், குவிமாடம் தாங்கிய கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்! சிசோம் எனும் கட்டடக் கலைஞர் 1874இல் தொடங்கி 1879இல் முடித்த செனட் மண்டபம் அது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் முகம். அதனுள்ளே மாணவனாக நுழைய விரும்பும் இளைஞனே! கோபுரத்தை வியந்தால் மட்டும் போதாது. அந்தக் கதவு எவருக்காக, எப்போது, எவ்வளவு திறந்தது என்ற வரலாற்றையும் அறிந்துகொண்டு உள்ளே செல்.

வெள்ளையர் விரும்பி அளித்த கொடை என்று எண்ணிவிடாதே. 1839ஆம் ஆண்டிலேயே, உயர்கல்விக்கு ஒரு நிலையம் வேண்டுமென, ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் கவர்னர் எல்பின்ஸ்டனிடம் தரப்பட்டது. கேட்டவர்கள் மக்கள், காலம் கடத்தியது கும்பினி ஆட்சி. 1854இல் சர் சார்லஸ் வுட் கல்வி அறிக்கையை அனுப்பினார். அதன் பின்னரே, 1857 செப்டம்பர் 5ஆம் நாள், சென்னைப் பல்கலைக் கழகம் சட்டப்படி அமைந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டிலே பல்கலைக் கழகம் பெற்றன.

பிறந்தபோது அது பாடம் நடத்தவில்லை! விந்தையாக இருக்கிறதல்லவா? இலண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அது, கல்லூரிகளை இணைத்துக்கொண்டது, தேர்வு நடத்திற்று, பட்டம் வழங்கிற்று. அவ்வளவே அதன் பணி. முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. ஆங்கில வழியே பட்டம் பெற்ற தாமோதரனார், ஏட்டிலே உறங்கிய கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். பெற்ற பட்டத்தைத் தாய்மொழிக்குப் பயன்படுத்திய அவர் தொண்டு, பட்டம் பெறப்போகும் எவரும் நினைவிலே நிறுத்தத்தக்கது.

ஆனால், பட்டம் எவர் கைக்குப் போயிற்று? 1914ஆம் ஆண்டில் இப்பல்கலைக் கழகத்திலே பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களிலே பிராமணர் 452 பேர். மாகாண மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே! மற்றையோருக்கு அறிவில்லை என்பதா இதன் பொருள்? இல்லை. ஏர் பிடித்தவன் மகனுக்கும், தறி நெய்தவன் மகனுக்கும், சேரியிலே பிறந்தவனுக்கும் பள்ளியின் படிக்கட்டே எட்டாதிருந்தது. பல்கலைக் கழகம் எங்ஙனம் எட்டும்?

தேர்வு ஒன்றே திறமையின் அளவுகோல் என்பாருக்கும் இக்கழகத்தின் வரலாற்றிலேயே மறுமொழி உண்டு. கணிதத்திலே மேதையான இராமானுஜன், ஏனைய பாடங்களிலே தவறி, கல்லூரித் தேர்விலே தோற்றார். பட்டமற்ற அவருக்கு 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியதும் இதே பல்கலைக் கழகமே. விதி விலக்களித்தது, உலகம் ஒரு மேதையைப் பெற்றது. தேர்வுத் தாளில் அகப்படாத திறமையும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நீதிக்கட்சி ஆட்சியில், கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோ கொண்டுவந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம், கழகத்தைக் கற்பிக்கும், ஆராயும் நிலையமாக வளர்க்க வழி கோலிற்று. 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் வெளிவந்தன. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் ஏறிய கருவூலம் அது! கல்லூரிகளிலே இடம் பெற வகுப்புவாரி உரிமை துணை நின்றது. 1951இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாதென்றது, தமிழகம் கொதித்தது, அதே ஆண்டிலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கதவு தானாகத் திறக்கவில்லை, தோழனே! தள்ளித் திறந்தனர் நம் முன்னோர்.

தென்னாடு முழுதும் பரந்திருந்த அதன் எல்லை, பின்னர் சுருங்கிற்று. மைசூர் 1916இலும், ஆந்திரம் 1926இலும், மதுரை 1966இலும் தனிப் பல்கலைக் கழகங்களைப் பெற்றன. தாய் மெலிந்தாள் என்று வருந்துவானேன்? பிள்ளைகள் வளர்ந்தனர்! இன்று பொறியியலுக்கு அண்ணா பல்கலைக் கழகம் உண்டு; மருத்துவத்திற்கும் வேளாண்மைக்கும் சட்டத்திற்கும் தனித்தனிப் பல்கலைக் கழகங்கள் உண்டு. ஆகவே, அக்கல்வியை நாடுவோர் சேப்பாக்கத்துக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. கலை, மொழி, வரலாறு, பொருளியல், அறிவியல் ஆகியவற்றிலே உயர்கல்வியும் ஆராய்ச்சியும் விழைவோர்க்கு உரியது இது. துறைகள் ஒரே இடத்தில் இல்லை. சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல் எனப் பிரிந்திருக்கின்றன. இளங்கலைப் படிப்போ பெரிதும் இணைப்புக் கல்லூரிகளில். வேலை செய்தவாறே படிப்போர்க்குத் தொலைநிலைக் கல்வி 1981 முதல் உண்டு. ஏழை மாணவர்க்கெனக் கட்டணமில்லாக் கல்வித் திட்டத்தை 2010-11இல் கழகம் தொடங்கிற்று. அதன் விதிகளைக் கேட்டறிய வெட்கப்படாதே. உதவி கேட்பது இழிவன்று. அறியாமல் இருந்து இழப்பதே பேதைமை.

உன் வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவன் நீயாக இருக்கலாம். உன் தங்கையாக இருக்கலாம். அஞ்ச வேண்டாம். 70,000 பேர் கையொப்பமிட்டுக் கேட்ட இடம் அது. நிமிர்ந்து செல்! பட்டத்தோடு திரும்பும்போது, வெளியே நிற்பவனுக்கும் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.