‘இல்லை’ என்று எழுதும் முன்

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அவ்வறிவு இந்தியச் சிற்றூர் நோயாளியைச் சென்றடைய, நுண்ணோக்கியின் முன் அமரும் தேர்ந்த கண்கள் வேண்டியிருந்தன. 1959இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம் அக்கண்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்றது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபின் மாவட்டக் குழுக்கள் அங்கே பயிற்சி பெற்றன. மருத்துவ அலுவலரோடு ஆய்வக நுட்பநரும் அக்குழுவில் இடம்பெற்றார்.

அப்பணியின் கடினமான பாடம் கிருமியைக் காண்பதன்று. காணாதபோது ‘இல்லை’ என்று எழுதுவது. சாயமேற்றிய சளித் தகட்டில் குறைந்தது நூறு பார்வைப் புலங்களைப் பார்த்த பின்னரே அச்சொல்லை எழுதலாம் என்பது பின்னாளில் நிலைபெற்ற நெறி. களைத்த கண் இருபதோடு நிறுத்தினால், நோயாளி மருந்தின்றி வீடு திரும்புவார். தொற்று குடும்பத்தினரிடம் பரவும்.

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் இருந்தோரிடம் கண்டறியப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் இந்நெறியின் எல்லை புலப்பட்டது. எச்.ஐ.வி. உடையோரின் சளியில் காசநோய்க் கிருமிகள் பலவேளை மிகக் குறைவு. நூறு புலங்களும் ஏமாற்றக்கூடும். ஆகவே ‘கிருமி தென்படவில்லை’ என்பதும் ‘நோய் இல்லை’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பது பயிற்சியின் பாடமாயிற்று.

2010இல் உலக சுகாதார நிறுவனம் மரபணுச் சோதனைக் கருவியைப் பரிந்துரைத்தது. அது நுண்ணோக்கி தவறவிடும் பலரைக் கண்டறிகிறது. ஆயினும் எச்சிலுக்கும் சளிக்கும் வேறுபாடு அறிவதும், குப்பியில் உரிய பெயரை எழுதுவதும் இன்றும் மனிதர் கற்கவேண்டியவையே.